மூணு நோட் போதும் மச்சி!

உங்க ஹாஸ்டல்ல கிடாரும் கையுமா ஒரு ஆசாமி கண்டிப்பா இருப்பார். ராத்திரி பதினோரு மணிக்கு ‘இளைய நிலா’வை ஆரம்பிச்சு, பாதியில கோட்டைவிட்டு, மறுபடியும் முதல்லேர்ந்து வருவாரே... எங்க பிளாக்ல அந்த ஆசாமி நான்தான்!

படிப்பு திருப்போரூர் பக்கம், மூணாவது வருஷம். போன வருஷம் கல்ச்சுரல்ஸ் பேண்டுக்கு செலக்‌ஷன் வெச்சாங்க. ஆறு ஸ்ட்ரிங்கும் அதிர அதிர அடிச்சேன். கீபோர்டு வாசிக்கிற சீனியர் அண்ணன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “தம்பி, எல்லாத்தையும் நீயே வாசிச்சிட்டா நாங்க எதுக்குடா?”

அவ்ளோதான். கிடாரை ஜூனியர் ஒருத்தன்கிட்ட தள்ளிவிட விலைகூடப் பேசிட்டேன். அன்னிக்கு சாயங்காலம் கந்தசாமி கோயில் குளக்கரையில உட்கார்ந்து புலம்பினப்போ, பேஸ் கிடார் வாசிக்கிற நண்பன் சொன்னான்: “உனக்கு கார்டு தெரியுது, வாய்ஸிங் தெரியலை.”

வாய்ஸிங்னா? ஒரு கார்டுல இருக்கிற ஸ்வரங்கள்ல எதை எடுக்கணும், எதை விடணும், எதை மேலே வைக்கணும், எதைக் கீழே வைக்கணும்ங்கிற கணக்கு. ஜாஸ்காரங்க இதுல கில்லாடிங்க. சி மேஜர் 7 கார்டை நம்ம பாஷையில சொன்னா ஸ, க, ப, நி. இதுல அவங்க முதல்ல கழற்றிவிடுறது ‘ப’வை! கார்டு மேஜரா மைனரான்னு சொல்றது ‘க’. அதோட குணத்தை மாத்துறது ‘நி’. ‘ப’ பாவம், அதிகமா எதுவும் சொல்றதில்லை. போதாக்குறைக்கு, ‘ஸ’ ஒலிக்கும்போதே அதோட மூணாவது ஹார்மோனிக்கா ‘ப’ உள்ளே ஒளிஞ்சிருக்கு. (ஃபோரியர் சீரிஸுக்கு இப்படி ஒரு உபயோகம் இருக்குன்னு லெக்சரர் சொல்லவே இல்லையே!)

மிச்சம் மூணே நோட். இதுக்குப் பேரு ‘ஷெல்’ வாய்ஸிங். கிடார் பக்கத்துல இருந்தா இப்பவே எடுங்க. டி மைனர் 7: அஞ்சாவது ஸ்ட்ரிங்ல 5-ம் ஃப்ரெட், நாலாவதுல 3, மூணாவதுல 5. ஜி 7: ஆறாவதுல 3, நாலாவதுல 3, மூணாவதுல 4. சி மேஜர் 7: அஞ்சாவதுல 3, நாலாவதுல 2, மூணாவதுல 4. மத்த ஸ்ட்ரிங்கெல்லாம் கப்சிப்!

மூணாவது, நாலாவது ஸ்ட்ரிங்கை மட்டும் கவனிங்க. முதல் மாற்றத்துல மூணாவது ஸ்ட்ரிங் ஒரு ஃப்ரெட் இறங்குது, நாலாவது அசையலை. அடுத்ததுல நாலாவது ஒரு ஃப்ரெட் இறங்குது, மூணாவது அசையலை. மூணு கார்டு மாறியாச்சு, மேலே நடந்தது ரெண்டு சின்ன நகர்வுதான். முதல் தடவை கேட்டப்போ எனக்கு நெஜமாவே சிலிர்த்துடுச்சு. ஆறு ஸ்ட்ரிங் அடிச்ச ரெண்டு வருஷத்துல இந்த சத்தம் வந்ததே இல்லை பாஸ்!

கவுன்ட் பேஸி இசைக்குழுவுல ஃப்ரெடி கிரீன் 1937-லேர்ந்து 1987 வரைக்கும், கிட்டத்தட்ட அம்பது வருஷம், இப்படி ரெண்டு மூணு நோட்டை வெச்சே ரிதம் வாசிச்சார். ஜாங்கோ ரைன்ஹார்ட்டுக்கு 1928 தீ விபத்துல இடது கையில ரெண்டு விரல் முடங்கிடுச்சு. மத்த ரெண்டு விரல்லயே சோலோவுல பின்னியெடுத்தார். நாம ‘எஃப்’ பார் கார்டுக்கே ஐயோ அம்மான்னு கத்துறோம்.

‘இதெல்லாம் இன்ஜினீயரிங் பசங்களுக்கு எதுக்கு’ன்னு வீட்டுல கேட்டா, ‘கிடார்’ பிரசன்னா பேரைச் சொல்லுங்க. ஐ.ஐ.டி. மெட்ராஸ்ல கப்பல் கட்டுற படிப்பு முடிச்சவர். கிடார்ல கர்னாடக சங்கீதம் வாசிச்சு, பாஸ்டன் பெர்க்லி கல்லூரியில ஜாஸ் படிச்சார். பியானோ கலைஞர் விஜய் ஐயரோடு சேர்ந்து இவர் வாசிச்ச ‘தீர்த்தா’ ஆல்பம் 2011-ல வந்தது. ஆஸ்கர் வாங்கின ‘ஸ்மைல் பிங்கி’ டாக்குமென்டரிக்கு இசையும் இவர்தான். 2010-ல இவர் தலைமையில ‘ஸ்வர்ணபூமி அகாடமி ஆஃப் மியூசிக்’ ஆரம்பிச்சது எங்கே தெரியுமா? பாஸ்டன்ல இல்லை, மாமல்லபுரம், கல்பாக்கம் தாண்டி, ஈ.சி.ஆர்.ல, நம்ம செய்யூர் பக்கம்!

இப்போ தினமும் அரை மணி நேரம் இந்த மூணு கார்டுதான். பேஸ் நண்பன் கூட இருந்தா ‘ஸ’வையும் அவன்கிட்டயே விட்டுடுறேன், ரெண்டே நோட்டுல ஓடுது. ரூம்மேட் இப்பெல்லாம் தலையணையைத் தூக்கி எறியறதில்லை.

அடுத்த வாரம் மறுபடியும் செலக்‌ஷன். அதே சீனியர் அண்ணன்தான் ஜட்ஜ். வயிறு கலக்குது. கிடாருக்கு விலை பேசின ஜூனியர், “அண்ணே, எப்ப தர்றீங்க?”ன்னு மெஸ்ல பார்க்கும்போதெல்லாம் கேட்கிறான். இன்னும் பதில் சொல்லலை.