200 வருஷம் தாண்டியும் மிதக்கும் இந்தியத் தேக்குக் கப்பல்: ஆம்பூர் தோல் ஷெட்டுக்குத் தெரிந்த ரகசியம் என்ன?

ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் பட்டை போட்டு தோல் பதனிடுறவங்களுக்கு இது தெரியும்: ஈரத் தோல் மேல இரும்பு படக்கூடாது. பட்டால் கருநீலக் கறை விழும், லேசில் போகாது. பட்டையில் இருக்கும் டானின், இரும்போடு சேர்ந்து செய்யும் வேலை அது.

இதே டானின் பிரிட்டிஷ் கடற்படைக்கும் தலைவலி. அவர்களின் போர்க்கப்பல்கள் ஓக் மரத்தில் கட்டப்பட்டவை. ஓக்கில் டானின் அதிகம். அங்கே தோல் பதனிடவே ஓக் பட்டைதான்! ஈரம் இறங்கினால் மரத்துக்குள் அடித்த இரும்பு போல்ட் அரித்துப்போகும். போல்ட் போனால் பலகை ஆடும். தேக்கில் எண்ணெய்ப் பசை இருப்பதால் இரும்புக்கு அந்த ஆபத்து குறைவு. பூஞ்சையும் சீக்கிரம் அண்டாது.

நெப்போலியன் போர்க் காலத்தில் இங்கிலாந்தில் ஓக் பற்றாக்குறை. அதனால் ஆர்டர் பம்பாய்க்கு வந்தது. மலபார் தேக்கில் கப்பலைக் கட்டியவர் பார்சி சமூகத்தைச் சேர்ந்த ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா. பெயர் 'டிரிங்கமலி', அதாவது நம்ம திருகோணமலை. 1782-ல் அந்தக் கடலில் பிரெஞ்சுக்காரர்களோடு நடந்த சண்டையின் நினைவாக வைத்த பெயர்.

வேடிக்கை என்னன்னா, டிசைனே பிரெஞ்சுக்காரர்களுடையது. அதே 1782-ல் பிடிபட்ட 'ஹெப்' கப்பலின் வடிவத்தைப் பார்த்து உருவானதுதான் 'லீடா' வகை. ஃப்ரிகேட் என்றால் பெரிய போர்க்கப்பல் மாதிரி இரண்டு மூன்று பீரங்கித் தளம் கிடையாது. முக்கியப் பீரங்கிகள் எல்லாம் ஒரே தளத்தில். அதனால் எடை குறைவு, வேகம் அதிகம். நீளம் சுமார் 150 அடி, அகலம் 40 அடி.

முதலில் அனுப்பிய வரைபடம் வந்து சேரவில்லை. அதை ஏற்றிவந்த 'ஜாவா' கப்பலை 1812 டிசம்பரில் பிரேசில் அருகே அமெரிக்காவின் 'கான்ஸ்டிடியூஷன்' வீழ்த்திவிட்டது. மறுபடியும் வரைபடம் வரவழைத்து, 1816-ல் வேலை தொடங்கி, 1817 அக்டோபர் 12-ல் கப்பலைக் கடலில் இறக்கினார்கள். அதற்குள் போரே முடிந்துபோச்சு! இங்கிலாந்து போய்ச் சேர்ந்த கப்பல், 1840-கள் வரை சும்மாவே கட்டிக் கிடந்தது.

இதே வகையில் ஓக்கில் கட்டிய 'யூனிகார்ன்' கப்பலும் ஸ்காட்லாந்தின் டண்டீயில் தப்பியிருக்கு. ஆனா அது பாய்மரம் ஏற்றாமல், மேலே கூரை போட்டு வைக்கப்பட்ட கப்பல். டிரிங்கமலி அப்படியில்லை. பசிபிக் வரை ஓடி, பிறகு பயிற்சிக் கப்பலாகவும் உழைத்தது. 2001-ல் பழுதுபார்ப்பு முடிந்து, இப்போது இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் நிற்கிறது. இன்னும் மிதக்கும் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களில் இதுதான் மூத்தது. இதைவிடப் பழைய 'விக்டரி' இருப்பது தண்ணியில் இல்லை, உலர் துறையில்.