விட முடியாத ஆட்டம்

கெங்கவல்லியிலிருந்து ஒரு தந்தை கேட்டிருக்கிறார். மகள் கபடி வீராங்கனை. சில மாதங்களாக மைதானம் என்றாலே முகம் சுளிக்கிறாளாம். யாரோ சொன்னார்களென்று தினமும் ராத்திரி மூன்று நல்ல விஷயங்களை நோட்டில் எழுத வைக்கிறார். 'இந்த பாசிட்டிவ் சைக்காலஜி வேலை செய்யுமா?'

நோட்டால் கெடுதல் இல்லை. ஆனால் சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது.

வெறும் களைப்பு என்றால் நாலு நாள் தூங்கினால் தீரும். விளையாட்டுக்காரர்களுக்கு வரும் 'பர்ன் அவுட்'டில் களைப்போடு இன்னும் இரண்டு சேரும்: எவ்வளவு ஆடினாலும் தேறவில்லை என்ற நினைப்பு, ஆட்டமே அற்பமாகிப் போவது. அமெரிக்காவின் தாமஸ் ரேடெக்கி 1997-இல் 13 முதல் 18 வயது வரையுள்ள 236 நீச்சல்காரர்களை ஆராய்ந்தார். பிடித்துப்போய் நீந்துகிறவர்களைவிட, விட முடியாமல் நீந்துகிறவர்களிடமே பொதுவாக பர்ன் அவுட் அதிகம்.

நம் பக்கத்துக் கிணற்றை எடுத்துக்கொள்ளுங்கள். மோட்டார் ஓடினால் தண்ணீர் இறங்கும்; நிறுத்தினால் ராத்திரியோடு ஊறிவிடும். பயிற்சியும் ஓய்வும் அவ்வளவுதான். ஆனால் மஞ்சள் வாடுகிறது, நகை அடகில் கிடக்கிறது, பக்கத்துக் காட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றால், கலங்கலாக வந்தாலும் மோட்டாரை நிறுத்த மனம் வருமா? இந்தப் பெண்ணுக்கு அடகில் இருப்பவை விடியற்காலைப் பயிற்சிகள். வாடும் பயிர், விளையாட்டு ஒதுக்கீட்டில் வரவேண்டிய கல்லூரி இடம். பக்கத்துக் காட்டுக்காரர், 'கபடிக்காரப் பொண்ணு' என்றே கூப்பிடும் ஊர். இன்னும் நூறு அடி போர் இறக்கச் சொல்பவர் பயிற்சியாளர். மும்முனை மின்சாரம் எப்போது வரும் என்பது தேர்வுக் குழுவுக்கே வெளிச்சம். (மேலும் இழுத்தால் என் மோட்டாரின் காயில் கருகிவிடும்.)

2018-க்கும் 2020-க்கும் நடுவில் பலமுறை கிரிக்கெட்டை விட்டுவிடலாமா என்று யோசித்ததாக சுழற்பந்து வீச்சாளர் அஸ்வின் 2021 டிசம்பரில் ஒரு பேட்டியில் சொன்னார். ஆறு பந்து போட்டாலே மூச்சு வாங்கியதாம். அதோடு, தன் காயங்களை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, மற்றவர்களுக்குக் கிடைத்த ஆதரவு தனக்கில்லை என்ற ஆற்றாமை. அதற்கு பர்ன் அவுட் என்று முத்திரை குத்த நான் யார்? ஆனால் மூன்று நல்ல விஷயங்களை எழுதி ஆறுகிற வகை இல்லை அது.

வரலாறும் வேண்டுமென்றால்: 1998-இல் அமெரிக்க உளவியல் சங்கத் தலைவரான மார்ட்டின் செலிக்மன் பாசிட்டிவ் சைக்காலஜிக்குக் கொடியேற்றினார். 2005-இல் ஃபிரெட்ரிக்சன், லொசாடா என்ற ஆய்வாளர்கள், கெட்ட உணர்வைப்போல் 2.9013 மடங்காவது நல்ல உணர்வு இருந்தால் மனிதர் செழிப்பார் என்றார்கள். மனசுக்கு நாலு தசம ஸ்தானம்! நிக் பிரவுன் என்ற பகுதிநேர முதுகலை மாணவர், ஆலன் சோக்கல், ஹாரிஸ் ஃபிரீட்மன் ஆகியோருடன் சேர்ந்து 2013-இல் அந்தக் கணக்கைப் பிரித்து மேய்ந்துவிட்டார்.

ஆகவே ஐயா, நோட்டு ஒரு பக்கம் இருக்கட்டும். எந்தப் போட்டிக்குப் போவது, எந்த வாரம் லீவு என்பதில் மகள் பேச்சு எடுபடுகிறதா? கபடி இல்லாமலும் கல்லூரிக்குப் போகலாம் என்று வீட்டில் யாராவது அவளிடம் சொன்னதுண்டா? அதற்கு முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துவிடுங்கள். ரத்தசோகை இருந்தாலும் பிள்ளைகள் இப்படித்தான் துவண்டு கிடப்பார்கள். அதற்கு இரும்புச்சத்து மாத்திரை இருக்கிறது.