நான்கு அட்டையும் ஒரு கோபுரமும்

அண்ணாமலை நகரிலிருந்து இரயில் பாதையைக் கடந்து சிதம்பரத்திற்குள் சென்றால், ஏழு நிலைகளுடன் நிமிர்ந்து நிற்கும் நான்கு கோபுரங்களைக் காணலாம். அவற்றுள் ஒன்றை அட்டையில் செய்து, பள்ளிப் பொருட்காட்சியில் வைக்க வேண்டுமென்று நாங்கள் ஆசை கொண்டோம். எங்கள் கையில் கிடைத்த படமோ 1:200 என்னும் அளவில் வரையப்பட்டிருந்தது. அதனை 1:50 என்னும் அளவுக்கு மாற்றுவதென்று முடிவு செய்தோம். அப்பொழுது நாங்கள் செய்த பிழையும், அதனால் கற்ற பாடமும் தோழியர்க்கும் பெற்றோர்க்கும் பயன்படும் என்று எண்ணி இங்கே எழுதுகிறோம்.

1:200 என்றால் என்ன? படத்தில் ஒரு சென்டிமீட்டர், உண்மையில் 200 சென்டிமீட்டர். அதாவது இரண்டு மீட்டர். 1:50 என்றால் படத்தில் ஒரு சென்டிமீட்டர், உண்மையில் அரை மீட்டர். ஆகவே எண் சிறிதாகச் சிறிதாகப் படம் பெரிதாகும். இதைத் தலைகீழாக நினைத்துவிடுவோர் பலர்.

மாற்றும் விதி எளியது. பழைய எண்ணைப் புதிய எண்ணால் வகுக்க வேண்டும். 200-ஐ 50-ஆல் வகுத்தால் 4. படத்திலுள்ள ஒவ்வொரு நீளத்தையும் நான்கால் பெருக்கினால் போதும். கோபுரத்தின் உயரம் 40 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பழைய படத்தில் அது 20 சென்டிமீட்டர். புதியதில் 80 சென்டிமீட்டர். கோணங்களை மட்டும் பெருக்கக் கூடாது. அவை எந்த அளவிலும் மாறுவதில்லை.

இதுவரை சரியாகவே செய்தோம். சிறிய அளவில் செய்ய ஓர் அட்டை போதும் என்று கணக்கிட்டிருந்தோம். "நான்கு மடங்குதானே!" என்று நான்கு அட்டைகள் வாங்கினோம். அடித்தளத்தை வெட்டி முடிப்பதற்குள் அட்டைகள் தீர்ந்துவிட்டன! கணித ஆசிரியை சிரித்துக்கொண்டே, ஒரு சதுரம் வரைந்து பக்கத்திற்கு நான்காகக் கட்டம் போடச் சொன்னார். எண்ணிப் பார்த்தோம், பதினாறு கட்டங்கள். நீளம் நான்கு மடங்கானால் பரப்பு பதினாறு மடங்காகும். உள்ளே களிமண் நிரப்புவதானால் அறுபத்து நான்கு மடங்கு வேண்டும். பதினாறு அட்டைகளுக்குக் காசு ஏது? எனவே 1:100 என்னும் அளவைத் தேர்ந்தோம். நீளம் இரு மடங்கு, பரப்பு நான்கு மடங்கு. இன்னும் நான்கு அட்டைகள் மட்டும் வாங்கி, 40 சென்டிமீட்டர் உயரக் கோபுரத்தைச் செய்து முடித்தோம்.

இதே கணக்கை நம் நாட்டின் வரைபடங்களுக்கும் போட வேண்டி வந்தது. முற்காலத்தில் இந்திய நில அளவைத் துறையின் படங்களில் ஓர் அங்குலம் ஒரு மைலைக் குறித்தது. ஒரு மைலுக்கு 63,360 அங்குலம். ஆகவே அளவு 1:63,360. 1956-இல் மெட்ரிக் அளவைக்குச் சட்டம் வந்தபின், அப்படங்கள் 1:50,000 என்னும் அளவுக்கு மாற்றப்பட்டன. 63,360-ஐ 50,000-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1.267. சிதம்பரத்திலிருந்து பிச்சாவரம் வரை நேர்க்கோட்டில் 10 கிலோமீட்டர் என்று கொண்டால், பழைய படத்தில் அது சுமார் 15.8 சென்டிமீட்டர், புதிய படத்தில் 20 சென்டிமீட்டர்.

பெற்றோர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. பழைய வீட்டுப் படங்களில் பல, ஓர் அங்குலத்திற்கு எட்டு அடி என்று வரையப்பட்டவை. எட்டு அடிக்கு 96 அங்குலம். எனவே அது 1:96. இதை 1:100 என்று எண்ணி அளந்தால் என்னவாகும்? 30 அடிச் சுவர் 31¼ அடியாகிவிடும். கொத்தனார் அப்படியே அஸ்திவாரம் தோண்டினால், சுவர் பக்கத்து வீட்டார் மனையில் ஒன்றேகால் அடி போய் நிற்கும்! எண்களில் நான்கு சிறிதுதான். வரும் வழக்கோ பெரிது.

மற்றோர் எச்சரிக்கை. படத்தை ஜெராக்ஸ் கடையில் பெரிதாக்கினால், மூலையில் அச்சிட்ட "1:100" என்பது பொய்யாகிவிடும். எழுத்து பெரிதாகுமே தவிர எண் மாறாது. ஆனால் படத்தின் அடியில் ஒரு கோடு வரைந்து, 0, 5, 10 மீட்டர் என்று குறித்து வைத்தால், படம் பெரிதானாலும் சிறிதானாலும் அக்கோடும் உடன் வளரும், உடன் குறையும். என்றும் உண்மை சொல்லும்.

ஆகவே தோழியரே, படம் வரைந்தால் அளவுக்கோட்டையும் வரையுங்கள். மாற்றும்போது வகுத்துப் பாருங்கள். வாங்கும்போது பரப்பை எண்ணிப் பாருங்கள். கத்தரிக்கோலை எடுக்குமுன் பென்சிலை எடுப்பது நலம் என்பதே எங்கள் அட்டைக் கோபுரம் எங்களுக்குச் சொன்ன பாடம்.