எலும்புத் தொற்றுக்கு ஊசியா? காதையும் ஒருமுறை டெஸ்ட் பண்ணிடுங்க!

பைக்கில் விழுந்து கால் எலும்பு முறிகிறது. ஆபரேஷன் செய்து பிளேட் வைக்கிறார்கள். சில வாரங்களில் அங்கே சீழ். “எலும்புல இன்ஃபெக்‌ஷன். ஆறு வாரம் ஆன்டிபயாடிக் போடணும்” என்கிறார் டாக்டர். அந்தச் சீட்டில் ஜென்டாமைசின் அல்லது அமிகாசின் இருந்தால், காலோடு சேர்த்து காதையும் கவனிக்க வேண்டும்.

காதுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

இவை ‘அமினோகிளைகோசைடு’ வகை மருந்துகள். எலும்புத் தொற்று வந்த எல்லோருக்கும் இவை தேவைப்படாது. சில பிடிவாதக் கிருமிகளுக்கு மட்டும் தருவார்கள். காசநோய்க்குக் கொடுக்கப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசினும் இதே குடும்பம்தான்.

நம் உட்காதில், ஒலியை நரம்புக்குக் கடத்தும் நுண்ணிய முடி செல்கள் உள்ளன. இந்த மருந்து அவற்றுக்குள் புகுந்து தங்கி, அழித்துவிடக்கூடும். அந்த செல்கள் மனிதர்களுக்கு மறுபடி வளராது. போனது போனதுதான்!

ஏன் உடனே தெரிவதில்லை?

முதலில் போவது மிக உயர்ந்த சுருதி ஒலிகள். பக்கத்தில் இருப்பவர் பேசுவது நன்றாகவே கேட்கும். ‘என்ன சொன்னீங்க?’ என்று திரும்பத் திரும்பக் கேட்க ஆரம்பிக்கும்போது பாதிப்பு முற்றியிருக்கலாம். சிலருக்கு ஊசி முடிந்து சில வாரம் கழித்தும் வரும்.

யாருக்கு ஆபத்து அதிகம்?

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், வயதானவர்கள், ஃபியூரோசமைடு எடுப்பவர்கள், நீண்ட நாள் ஊசி போடுபவர்கள். இன்னொன்று, மரபணு. தாய்வழி வரும் ஒரு மாற்றம் இருந்தால், வழக்கமான அளவே காதைப் பறித்துவிடலாம். அம்மா, பாட்டி, மாமா என யாருக்காவது ஊசிக்குப் பிறகு காது மந்தமாகியிருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

டாக்டரிடம் என்ன கேட்கலாம்?

* ஊசி தொடங்கும் முன் ஆடியோகிராம் எடுக்கலாமா? நடுவில் மறுபடி எப்போது?
* ரத்தத்தில் மருந்தின் அளவு, கிரியேட்டினின் பார்ப்பீர்களா?
* இதற்குப் பதிலாக வேறு மருந்து உண்டா?

காதுல ‘ஙொய்’னு சத்தம், அடைத்த மாதிரி உணர்வு, தலைசுற்றல், இருட்டில் நடக்கத் தடுமாற்றம்... எது வந்தாலும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். அடுத்த விசிட் வரை காத்திருக்க வேண்டாம்.

அதற்காகப் பயந்து நீங்களாக ஊசியை நிறுத்திவிடாதீர்கள். அரைகுறையாக விட்ட எலும்புத் தொற்று வருடக்கணக்கில் படுத்தும். முற்றினால் காலையே எடுக்க வேண்டிவரலாம். மருந்தை மாற்றுவதா, அளவைக் குறைப்பதா என்பது டாக்டரின் முடிவு. அந்த முடிவைச் சரியான நேரத்தில் எடுக்க அவருக்குத் தேவை, ஊசிக்கு முன் எடுத்த அந்த முதல் ஆடியோகிராம். அது இல்லாவிட்டால், எவ்வளவு குறைந்திருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கவே வழியில்லை.