மோட்டார் சைக்கிளில் கூடுதல் மின்சாதனங்களை இணைக்கும் முறை

விரிவாக்கப் பணியாளர், நில அளவையாளர், சுகாதார ஊழியர் முதலியோர் நாள்தோறும் பல கிராமங்களுக்கு மோட்டார் சைக்கிளில் சென்று வருகின்றனர். வழிகாட்டும் திரை, கைப்பேசிக்கு மின்னேற்றும் முனை, மூடுபனி விளக்கு ஆகியவை இவர்களுக்குப் பெரிதும் பயன்படுவன. கடைத்தெருவில் இவை மலிவாகக் கிடைக்கின்றன. பொருத்துவதற்கு அரை மணி நேரம் போதும் என்று விற்போர் கூறுவதும் பொய்யன்று. ஆயினும் அந்த அரை மணி நேரத்தில் நேரும் பிழை, ஊருக்கு வெகுதூரத்தில் வண்டி கிளம்பாமல் நிற்பதற்கோ, பெட்ரோல் தொட்டியின் அடியில் தீப்பற்றுவதற்கோ காரணமாகிவிடக் கூடும்.

வண்டியின் மின்சாரத்தை ஒரு சிறு குடும்பத்தின் வரவு செலவாகக் கருதலாம். இயந்திரத்துடன் சுழலும் ஆல்டர்னேட்டரே வரவு. பாட்டரி சிறிய சேமிப்பு. இயந்திரம் வேகமாக ஓடும்போது வரவு மிகுதி. வண்டி நின்று இயந்திரம் மெதுவாகச் சுழலும்போது அது வெகுவாகக் குறைந்துவிடும். செலவோ குறைவதில்லை. 2017 ஏப்ரல் 1 முதல் புதிய இருசக்கர வண்டிகளில் இயந்திரம் ஓடும்பொழுதெல்லாம் முன்விளக்கு தானே எரியவேண்டும் என்பது விதி. 2020 ஏப்ரலில் வந்த புகைக் கட்டுப்பாட்டை ஒட்டிப் பெரும்பாலான வண்டிகளில் பெட்ரோலை மின்முறையில் பீய்ச்சும் அமைப்பு இடம்பெற்றது. அத்தகைய வண்டியில் பாட்டரி முற்றிலும் இறங்கிவிட்டால் தள்ளியும் கிளப்ப இயலாமற் போகலாம். உதைத்துக் கிளப்பும் மிதியும் பல புது வண்டிகளில் இல்லை.

எனவே கணக்கே முதல் வேலையாதல் வேண்டும். வாட் அளவை வோல்ட் அளவால் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். வழிகாட்டும் திரை ஒன்று 5 வோல்ட்டில் 2 ஆம்பியர், அதாவது 10 வாட் கொள்வதாக வைத்துக் கொள்வோம். 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக மாற்றும் கருவியில் வீணாவதையும் சேர்த்தால் சுமார் 12 வாட். பாட்டரிப் பக்கத்தில் 1 ஆம்பியர். இதனைச் சிறு வண்டியும் தாங்கும். 20 வாட் மூடுபனி விளக்கு இரண்டு சேர்ந்தாலோ மேலும் 3.3 ஆம்பியர் தேவை. சந்தைக்கூட்டத்தில் ஊர்ந்து செல்கையில் இந்தச் செலவு சேமிப்பையே கரைக்கும்.

முன்விளக்கு ஆல்டர்னேட்டரின் மாறுமின்னோட்டத்தில் நேராக எரியுமாறு அமைந்த பழைய சிறு வண்டிகளில் பாட்டரிக்குச் செல்லும் பங்கு இன்னும் சொற்பம். அவற்றில் திரை ஒன்றுடன் நிறுத்திக் கொள்வதே நலம்.

புலப்படாத செலவு ஒன்றும் உண்டு. மின்னேற்றும் முனையைப் பாட்டரியுடன் நேராக இணைத்துவிட்டால், கைப்பேசி மாட்டப்படாத போதும் அது சிறிது மின்சாரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். 20 மில்லி ஆம்பியர் என்பது அற்பமாகத் தோன்றும்; ஆனால் 24 மணி நேரத்தில் அது 0.48 ஆம்பியர்-மணி. 4 ஆம்பியர்-மணி பாட்டரி எட்டே நாளில் வறண்டுவிடும். கோடை விடுமுறைக்குப் பின் பள்ளி திரும்பும் ஆசிரியரின் வண்டி கிளம்பாமைக்கு இதுவே காரணமாயிருக்கலாம்; பழியோ பாட்டரி மீது விழுகிறது.

இதற்குப் பரிகாரம் ரிலே. சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் பெறும் கம்பி ஒன்று, வால்விளக்கினுடையது போன்றது, ரிலேயின் சுருளை இயக்கட்டும். சாதனங்களுக்கான மின்னோட்டம் பாட்டரியிலிருந்து ரிலே வழியாகத் தனிக் கம்பியில் செல்லட்டும். வால்விளக்குக் கம்பியையே கிள்ளி எல்லாச் சாதனங்களையும் அதில் தொங்கவிடுவது தவறு. அக்கம்பி அந்தச் சுமைக்காக அமைந்ததன்று.

அடுத்து வருவது பியூஸ். இதைப் பற்றிய தவறான எண்ணம் பரவலாக உள்ளது. பியூஸ் சாதனத்தைக் காப்பதற்கு என்றே பலர் கருதுகின்றனர். முதன்மையாக அது காப்பது கம்பியை. 0.5 சதுர மில்லிமீட்டர் குறுக்களவுள்ள செப்புக் கம்பியின் தடை மீட்டருக்குச் சுமார் 0.035 ஓம், இரண்டு மீட்டருக்கு 0.07 ஓம். கம்பியின் உறை தேய்ந்து வண்டிச் சட்டத்தைத் தொட்டுவிட்டது எனக் கொள்வோம். பாட்டரியினுள் உள்ள தடையும் சேர்ந்து 0.12 ஓம் என்றால், 12 வோல்ட்டில் 100 ஆம்பியர் பாயும். கம்பியில் மட்டும் எழும் வெப்பம் 700 வாட். ஏறக்குறைய வீட்டு மின்சார இஸ்திரிப் பெட்டியின் வெப்பம். அது பெட்ரோல் தொட்டியின் அடியில், மெல்லிய கம்பி ஒன்றில் எழுகிறது. உறை நொடிகளில் உருகிப் பக்கத்துக் கம்பிகளையும் பற்றும். ஆதலால் பியூஸ் பாட்டரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாணுக்குள் இருத்தல் வேண்டும். திரையின் அருகே வைத்த பியூஸ், இடையிலுள்ள கம்பியைக் காவாது. திரைக்கு மட்டுமான கிளைக்கு 2 அல்லது 3 ஆம்பியர் பியூஸ் போதும். அடிக்கடி உருகுகிறதென்று பெரிய பியூஸ் போடுவது நோயை விட்டுவிட்டு வலியை மட்டும் மறைப்பதாகும்.

இதனை வகுப்பில் எளிதாகக் காட்டலாம். பாத்திரம் துலக்கும் எஃகு நாரிலிருந்து மிக மெல்லிய இழை ஒன்றை எடுத்து, ஓட்டின் மேல் வைத்து, 1.5 வோல்ட் டார்ச்சு செல்லின் இரு முனைகளுடனும் கம்பிகளால் இணைத்தால், இழை சிவந்து அறுந்துவிடும். தடித்த கம்பிகளோ அப்படியே இருக்கும். இச்சோதனைக்கு வண்டிப் பாட்டரியை ஒருபோதும் உபயோகித்தல் ஆகாது.

கம்பி செல்லும் பாதை கடைகளில் மிகவும் அலட்சியம் செய்யப்படுவது. கைப்பிடி இடமும் வலமும் திரும்பும்போது அதன் கழுத்தருகே கம்பி மடங்கி நிமிர்கிறது. அங்கே தளர்வு விடாவிட்டால் உட்புரிகள் ஒவ்வொன்றாக அறும். கூரிய உலோக விளிம்பும் புகைக்குழலின் அருகாமையும் விலக்கற்பாலன. ஈயம் வைத்துப் பற்றவைத்த இணைப்பு, பற்றவைப்பு முடியும் இடத்தில் விறைத்து, அதிர்வில் முறிந்துவிடும்; உரிய கருவியால் அழுத்திப் பிடித்த இணைப்பே வண்டிக்கு ஏற்றது. முறுக்கிவிட்டு டேப் சுற்றுவது எவ்வகையிலும் ஏற்கத்தக்கதன்று. மழைநீர் கம்பி வழியே வழிந்து சாதனத்துள் புகாதிருக்க, நுழையுமிடத்திற்குச் சற்று முன் கம்பியைக் கீழ்நோக்கி வளைத்துவிட வேண்டும்.

வழிகாட்டும் திரை சில சமயம் இருக்குமிடத்தைத் தவறாகக் காட்டுவதற்கும் மின் இணைப்பே காரணமாவதுண்டு. ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அனுப்பும் அலைகள் தரையை அடையும்போது மிக நலிந்துவிடுகின்றன. மட்டமான மின்னழுத்த மாற்றியோ எல்.இ.டி. விளக்கோ அருகிலிருந்து எழுப்பும் மின்னிரைச்சல் அவற்றை மூழ்கடித்துவிடும். விளக்கை அணைத்தால் திரை சரியாகிறதா என்று பார்ப்பதே இதற்கான சோதனை.

கைப்பேசியையே திரையாக மாட்டுவோர் அதிர்வையும் கருதவேண்டும். சக்திமிக்க மோட்டார் சைக்கிள் இயந்திரங்களின் அதிர்வு கைப்பேசிக் காமிராவின் நடுக்கம் தணிக்கும் அமைப்பைப் பழுதாக்கலாம் என 2021இல் ஆப்பிள் நிறுவனமே எச்சரித்தது. அதிர்வு தணிக்கும் ரப்பர் அமைந்த தாங்கி இதற்கு உதவும். ஓட்டுகையில் கையடக்கக் கருவியை வழியறிய மட்டுமே, கவனம் சிதறாதவாறு உபயோகிக்கலாம் என்பது 2020 அக்டோபர் முதல் நடைமுறையிலுள்ள மத்திய மோட்டார் வாகன விதி.

வேலை முடிந்ததும் மல்டிமீட்டரால் பாட்டரியைச் சோதிக்க வேண்டும். சில மணி நேரம் ஓய்ந்திருந்த நல்ல பாட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். எல்லாச் சாதனங்களையும் இயக்கி, இயந்திரத்தைச் சற்று வேகமாக ஓடவிட்டால் 13.5க்கும் 14.5க்கும் இடையில் நிற்கவேண்டும். 13க்கும் கீழே இறங்கினால் ஒரு சாதனத்தைக் கழற்றிவிடுவதே வழி. முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் இருக்கையைத் தூக்கி, பியூஸ் கூட்டைத் தொட்டுப் பார்ப்பது நன்று. சூடாயிருந்தால் உள்ளே இணைப்பு தளர்ந்திருக்கிறது. அதனை அன்றே பிரித்துத் திரும்ப அழுத்திவிட வேண்டும்.