நாற்றமும் போயிற்று, நோயும் போயிற்று!

ஆஸ்திரியாவின் வியன்னா பொது மருத்துவமனை. 1847 ஏப்ரலில் அதன் முதல் பிரசவப் பிரிவில், நூறு தாய்மாருக்கு ஏறக்குறைய 18 பேர் இறந்தனர். காரணம், பிரசவக் காய்ச்சல்.

அங்கே மருத்துவர்களும் மாணவர்களும் பிணங்களை அறுத்துப் பரிசோதித்துவிட்டு, நேரே பிரசவம் பார்க்கச் செல்வது வழக்கம். சோப்பால் கழுவியும் அவர்கள் கையில் பிண நாற்றம் போகவில்லை. நாற்றத்தோடு நஞ்சும் ஒட்டியிருக்கிறது என ஊகித்தார், இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற மருத்துவர். மே மாதத்தில், சலவைத்தூள் கரைசலில் கைகழுவும்படி ஆணையிட்டார். ஜூனில் சாவு நூற்றுக்கு ஏறக்குறைய 2 ஆகக் குறைந்தது! கிருமிகளால் நோய் வரும் என்ற கொள்கை அன்று நிலைபெற்றிருக்கவில்லை.

ஒரே தூள் இரு வேலைகளைச் செய்தது எப்படி? அது நீரில் கரையும்போது ஹைப்போகுளோரஸ் அமிலம் உண்டாகிறது. இது ஓர் ஆக்சிஜனேற்றி. அதாவது, பிற பொருள்களிலிருந்து எலெக்ட்ரான்களைப் பறிப்பது. நாற்றம் தரும் கந்தகச் சேர்மங்களை இவ்வாறு தாக்கி, மணமற்ற பொருள்களாக மாற்றுகிறது. கிருமியின் உறையையும் புரதங்களையும் அதேபோல் சிதைக்கிறது, கிருமி மடிகிறது.

அப்படியானால் நமக்குத் தீங்கில்லையா? அளவில்தான் இருக்கிறது சூட்சுமம். குடிநீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருந்தால், வழியில் புகும் கிருமிகளை அது அடக்கும், நமக்குக் கேடில்லை. ஆனால் சலவைத்தூளுடன் அமிலத்தை ஒருபோதும் கலக்காதீர்கள். நச்சு வாயுவான குளோரின் வெளிப்படும்.

மாணவர்களே, ஒன்றை நினைவில் வையுங்கள். பன்னீர் தெளித்தாலும் நாற்றம் மறையும், கிருமி சாகாது. மறைப்பது வேறு, அழிப்பது வேறு!