வெறுங்கையும் அடக்கமும்

மே மாதம் பிறந்து தென்மேற்குப் பருவக்காற்று மலைகளில் மோதத் தொடங்கிவிட்டால், நாவலப்பிட்டியில் விளையாட்டு மைதானங்கள் நாட்கணக்கில் நனைந்து கிடப்பதை அப்பகுதி நேயர்கள் நன்கறிவர். பந்தும் மட்டையும் மூலையில் உறங்கும். பிள்ளைகள் வீட்டுக்குள் முடங்கிக் கிடப்பர். இத்தகைய ஊருக்கு இயல்பாகவே பொருந்தும் பயிற்சி கராத்தே. அதற்கு மைதானமும் வேண்டாம், கருவியும் வேண்டாம். பத்துப் பேர் கைநீட்டி நிற்க ஒரு மண்டபம் இருந்தாற் போதும்.

கராத்தே என்னும் யப்பானியச் சொல்லுக்கு இன்று வழங்கும் பொருள் 'வெறுங்கை' என்பதாகும். அது தோன்றிய இடமோ யப்பானின் பெருந்தீவுகளுக்குத் தெற்கே உள்ள ஒக்கினாவா. அத்தீவினர் தம் கைப்போர் முறையைச் சீனத்திலிருந்து வந்த முறைகளோடு கலந்து வளர்த்தனர். காஞ்சிபுரத்துப் போதிதருமரே இதற்கு மூலவர் என நம்மவர் சிலர் பெருமை பேசுவதுண்டு. அவர் சீனத்துத் துறவிகளுக்குப் போர்க்கலை பயிற்றினார் என்னும் கதை அவர் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் கழித்து எழுந்தது. அதனை வரலாறாகக் கொள்வதற்கில்லை. நமக்குத்தான் சிலம்பம் இருக்கிறதே! கம்பு சுழற்றுவோரின் கால்வைப்பைக் கூர்ந்து நோக்கியவர்க்கு, கராத்தே ஆசிரியர் நிற்கும் நிலையை இத்துணை வற்புறுத்துவது ஏன் என்பது எளிதில் விளங்கும்.

மறைவாகப் பயிலப்பட்டு வந்த இக்கலையை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒக்கினாவாப் பள்ளிக்கூடங்களுக்குள் கொணர்ந்தவர் இத்தோசு அங்கோ. அவரிடம் பயின்ற பூனக்கோஷி கிச்சின், 1868 இல் பிறந்தவர். இளமையில் நோஞ்சானாக இருந்தவர். தொழிலாற் பள்ளி ஆசிரியர். அவர் 1922 இல் டோக்கியோவில் இக்கலையைச் செய்து காட்டிய பின்னரே யப்பானில் இது பரவலாயிற்று.

பயிற்சியின் முறை யாது? மாணவர் வெறுங்காலுடன் நின்று வணங்கித் தொடங்குவர். குத்து, தடுப்பு, உதை ஆகிய அடிப்படை அசைவுகளை நூற்றுக்கணக்கான முறை திரும்பத் திரும்பச் செய்வர். ஒரு கை முன்னே பாயும்போது மற்றக் கை இடுப்புக்கு இழுக்கப்படும், இடுப்பு திரும்பும், மூச்சு வெளியேறும். குத்தின் வலிமை தோளில் மட்டும் இல்லை. காலில் எழுந்து இடுப்பின் வழியே கைக்கு வருகிறது. ஆகவேதான் மெலிந்த சிறுமியும் இதில் தேர்ச்சி பெறலாம். அடுத்தது கத்தா, கண்ணுக்குத் தெரியாத எதிரியுடன் பொருதும் வரிசையாகும். தொடக்க மாணவர் பயிலும் கத்தாக்களின் முதலசைவு தடுப்பாக அமைந்திருத்தல் கருதத்தக்கது. பின்னரே இருவர் எதிர்நின்று பொருதும் குமித்தே வரும்.

குமித்தேயில் கற்பது அடியை நிறுத்தும் ஆற்றல். முழு விசையுடன் செல்லும் கை, எதிரியின் முகத்துக்குச் சற்று முன்னே நின்றுவிட வேண்டும். 2021 இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கின் இறுதிப் போட்டியொன்றில், முன்னணியில் இருந்த சவூதி வீரர் தாரெக் ஹமேதியின் உதை ஈரானிய வீரர் சஜாத் கன்ஜ்சாதேயை உணர்விழந்து வீழச் செய்தது. நடுவர்கள் உதைத்தவரைத் தகுதி நீக்கினர். வீழ்ந்து கிடந்தவருக்கே தங்கப் பதக்கம் கிடைத்தது. குத்துச்சண்டை பார்த்துப் பழகியவருக்கு இது விந்தையாகத் தோன்றலாம். கராத்தே பயின்றவருக்கு அத்தீர்ப்பின் நியாயம் புரியும்.

தேயிலைத் தோட்டத்து லயங்களுக்கு மாலையில் தனிவழியே நடந்து செல்லும் மாணவியருக்கு இது காப்பாகுமா என்று பெற்றோர் கேட்பர். ஆறு மாதப் பயிற்சி ஒரு முரடனை வீழ்த்தித் தரும் என்று எவரேனும் உறுதி கூறினால் அதனை நம்பற்க. நிமிர்ந்த நடை, சுற்றுமுற்றும் நோக்கும் கண், அச்சத்திலும் அடைபடாத குரல், தக்க தருணத்தில் விலகி ஓடும் கால் ஆகியவை பயிற்சியால் வருவன. வழியில் முதலில் உதவுவனவும் அவையே. அவற்றோடு உடல் வளைவும் மூச்சின் நிதானமும் சேரும்.

இடைக்கச்சையின் நிறத்தை விரைவில் மாற்றித் தருவதாகக் கூறிப் பணம் பெறும் இடங்களும் உண்டு. பிள்ளையைச் சேர்க்குமுன் ஒரு மாலை சென்று, பின்வரிசையில் அமர்ந்து பாருங்கள். மூத்த மாணவன் இளையவனோடு பொருதும்போது கையை எங்கே நிறுத்துகிறான் என்பதைக் கவனியுங்கள். முதல் மாதம் முழுதும் நிற்கவும் வணங்கவும் மட்டுமே சொல்லிக் கொடுத்தார்கள் என்று பிள்ளை வீட்டில் முறையிட்டால், அங்கேயே தொடர்ந்து அனுப்பலாம்.